ஈஸ்னோபீலியா: ஒரு சொல்லோட கதை

நீளமான த்ரெட். நைட் டூட்டி முடிச்சு தூக்கம் வராம எழுதுறேன். டீயோட வாங்க.

படையப்பா ரிலீஸ் 1999 ஏப்ரல் 10. எனக்கு அப்போ ஒன்பது வயசு. தென்காசியில கூட்டுக் குடும்பம். அந்த வாரம் வீட்ல இருந்த பதினோரு பேர்ல ஒன்பது பேர் படத்துக்குக் கிளம்பிட்டாங்க. மிச்சம் நானும் ஆச்சியும். "அவனுக்கு ஈஸ்னோபீலியா. தியேட்டர் தூசியும் பீடிப் புகையும் ஆகாது"ன்னு பெரியப்பா சொல்லிட்டாங்க. அதுக்கு மேல அப்பீல் கிடையாது.

நடந்தது இதுதான். கோவில் கொடைக்காக வீட்டை வெள்ளையடிச்சாங்க. பரண்ல கிடந்த பழைய பாய், தலையணை, பித்தளைப் பாத்திரம் எல்லாம் கீழே இறங்குச்சு. மூணு நாள் விடாம தும்மல், கண்ணு சிவந்து அரிப்பு. ராத்திரி ஆனா நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி கத்துற மாதிரி ஒரு சத்தம். ஆச்சி நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வச்சா. ரத்தம் எடுத்துப் பார்த்ததுல 'இஸினோபில் கூடியிருக்கு'ன்னு சீட்டு வந்துச்சு. மூணு வாரம் மாத்திரை. ஐஸ் கிடையாது, தயிர் கிடையாது, அந்த வருஷ சீசனுக்கு அருவியும் கிடையாது.

இப்போ நான் ஒரு அரசு மருத்துவமனையில ஓபி பார்க்குறேன். இந்தப் பக்கம் மூக்குக்கு ரெண்டு சீசன். சித்திரை, வைகாசியில வெயில், தூசி, காய்ஞ்ச புல்லு, போன வருஷம் மூட்டை கட்டி வச்ச ஏர் கூலர். அப்புறம் ஆனி, ஆடியில செங்கோட்டைக் கணவாய் வழியா காத்தும் சாரலும். ஊரெல்லாம் குற்றாலத்துக்கு சந்தோஷமா வரும்போது, உள்ளூர்ல பாதிப்பேர் மூக்கை உறிஞ்சிக்கிட்டு எங்க வராண்டாவுல நிப்பாங்க.

அதுல ஒரு அக்கா. (ஆள் அடையாளம் தெரியாதபடி சிலதை மாத்தியிருக்கேன்.) பீடி சுத்துறவங்க, ஐம்பது வயசு இருக்கும். மஞ்சப்பை நிறைய பழைய ரிப்போர்ட். உட்கார்ந்ததுமே சொன்னாங்க: "எனக்கு ஈஸ்னோபீலியா சார். இருபது வருஷமா இருக்கு. அந்த மாத்திரைய மட்டும் எழுதிக் குடுத்துருங்க."

அவங்க தமிழ்ல 'ஒவ்வாமை'ன்னும் சொல்லல, 'இளைப்பு'ன்னும் சொல்லல. வாயில நுழையாத கிரேக்கச் சொல்லை, தக்காளி, வெங்காயம் மாதிரி சாதாரணமா சொன்னாங்க. இந்தச் சொல் நம்ம வீட்டுக்குள்ள எப்படி வந்துச்சுன்னு ரொம்ப நாளா தேடிக்கிட்டு இருந்தேன். அதைத்தான் இங்க எழுதுறேன்.

சொல்லோட பிறப்பு 1879ல. ஜெர்மனியில பால் எர்லிக், மருத்துவம் முடிச்ச புதுசு. ரத்த அணுக்களுக்கு விதவிதமான சாயம் போட்டுப் பார்க்குறதே அவருக்கு வேலை. இயோசின்னு ஒரு சாயம். கிரேக்கர்களோட விடியல் தேவதை இயோஸ், அந்தப் பேர்தான் அதுக்கு. காலையில கிழக்கே தெரியுற இளஞ்சிவப்பு நிறம். ஒரு வகை வெள்ளணு மட்டும் இந்தச் சாயத்தை ஆசையா உறிஞ்சிக்கிட்டு செக்கச்செவேல்னு ஆச்சு. அதனால அது இயோசினோஃபில். விடியல் நிறத்தை விரும்புறது. சாயத்துக்கு வச்ச செல்லப்பேர், அவ்வளவுதான். நோய்க்கும் இதுக்கும் அப்போ சம்பந்தமே இல்ல.

கோடைத் தும்மலோட கதை வேற பக்கம் ஓடிக்கிட்டு இருந்துச்சு. 1819ல லண்டன்ல ஜான் பாஸ்டாக்குங்கிற டாக்டர் ஒரு நோயாளியைப் பத்தி மருத்துவர் சங்கத்துல கட்டுரை வாசிச்சார். எட்டு வயசுல இருந்து வருஷா வருஷம் ஜூன்ல கண் அரிப்பு, தும்மல், மூச்சு முட்டல். அந்த நோயாளி அவரேதான். அதே மாதிரி ஆட்களைத் தேடி, ஒன்பது வருஷம் கழிச்சு 28 பேரைச் சேர்த்து எழுதினார். வெயில்தான் காரணம்னு நினைச்சார். 1873ல மான்செஸ்டர் டாக்டர் சார்லஸ் பிளாக்லி, இவரும் ஒரு தும்மல்காரர், பட்டம் பறக்கவிட்டு மேல காத்துல மகரந்தம் பிடிச்சுப் பார்த்து, புல்லுப் பூவோட மகரந்தம்தான் எதிரின்னு காட்டினார். 'அலர்ஜி'ங்கிற சொல்லை 1906ல வியன்னாவுல பிர்கே உருவாக்கினார். தும்மல்காரங்க அவங்க தும்மலை அவங்களே ஆராய்ச்சி பண்ண துறை இது. எனக்கு அதுல ஒரு தனி சந்தோஷம்.

ஆனா நம்ம ஊர்ல வீட்டுச் சொல்லா ஆனது அலர்ஜி இல்லையே, ஈஸ்னோபீலியா தானே? அதுக்கு மதனப்பள்ளிக்குப் போகணும்.

மதனப்பள்ளி பக்கத்துல ஆரோக்கியவரம். இன்னைக்கு ஆந்திரா, அன்னைக்கு சென்னை மாகாணம். அங்கே யூனியன் மிஷன் காசநோய் சானடோரியம். தென்னிந்தியா முழுக்க இருந்து இருமல்காரங்க அங்கே போவாங்க. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943ல. அதுக்கு முன்னாடி டிபிக்கு வைத்தியம்னா நல்ல காத்து, நல்ல சாப்பாடு, மாசக்கணக்குல படுக்கை. வீட்டை விட்டுப் போனவங்க திரும்பி வருவாங்களான்னு யாருக்கும் தெரியாது.

அங்கே பெரிய டாக்டர் கிறிஸ்டியன் ஃப்ரிமோட்-மோல்லர், டென்மார்க்காரர். அவரும் பார்ட்டனும் ஒண்ணைக் கவனிச்சாங்க. சில நோயாளிகளுக்கு விடாத இருமல், மூச்சிரைப்பு, எக்ஸ்ரேயில நெஞ்சு முழுக்கப் பொடிப்பொடியா புள்ளி. பார்த்தா அச்சு அசல் டிபி. ஆனா சளியில கிருமி இல்ல. ரத்தத்துல மட்டும் எர்லிக்கோட அந்தச் சிவப்பு அணு எக்கச்சக்கம். 1940ல கல்கத்தாவுல இருந்து வந்த இந்தியன் மெடிக்கல் கெசட்ல எழுதினாங்க. தலைப்பிலேயே 'போலிக் காசநோய்'ங்கிற பொருள் வரும்.

அந்தக் கட்டுரையோட அர்த்தத்தை ஒரு குடும்பத்தோட கண்ணுல இருந்து பாருங்க. "உங்க ஆளுக்கு டிபி இல்ல, ரத்தத்துல இஸினோபில் கூடியிருக்கு, அவ்வளவுதான்." இதைவிட நல்ல சேதி அந்தக் காலத்துல ஒரு இருமல்காரன் வீட்டுக்கு வந்திருக்க முடியாது. அந்தச் சொல் நம்மகிட்ட விடுதலைச் சீட்டா வந்து சேர்ந்திருக்குன்னுதான் எனக்குத் தோணுது.

1943ல லான்செட் இதழ்ல வைங்கார்ட்டன் இந்தியாவுல பார்த்த 81 நோயாளிகளை விவரிச்சு 'ட்ராப்பிக்கல் ஈஸினோபீலியா'ன்னு பேர் வச்சார். கூடவே ஒரு தற்செயல். இந்த இருமல் இருந்த ஒருத்தருக்கு பால்வினை நோயும் இருந்துச்சு. அதுக்காக ஆர்சனிக் ஊசி போட்டா, இருமலும் சேர்ந்து நின்னு போச்சு. அந்த ஆர்சனிக் மருந்து வரிசையைக் கண்டுபிடிச்சது யாரு? அதே எர்லிக். அணுவுக்குப் பேர் வச்சவரோட மருந்தே அந்த நோய்க்கு முதல் மருந்தாச்சு. சினிமாவுல வச்சா 'லாஜிக் இல்ல'ம்போம்.

ஆனா ஆர்சனிக் விஷம். நல்ல மருந்து வந்த கதையில நம்ம ஆளு ஒருத்தர் இருக்கார். எல்லாப்ரகட சுப்பாராவ். பீமவரத்துக்காரர், படிச்சது மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ். கதர்ல சர்ஜரி கோட் போட்டுப் போனதால வெள்ளைக்காரப் பேராசிரியரோட கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காம அதுக்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டத்தோட வெளியே வந்தவர். அப்புறம் அமெரிக்கா போய் லெடர்லி கம்பெனியில ஆராய்ச்சித் தலைவர் ஆனார். ரெண்டாம் உலகப்போர்ல பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்க வீரர்களுக்கு யானைக்கால் புழு தொத்துச்சு. அதுக்கு மருந்து தேடினதுல 1947ல வந்ததுதான் டைஎதில்கார்பமசின். நம்ம ஊர் மொழியில டி.ஈ.சி. மாத்திரை. அடுத்த வருஷமே சுப்பாராவ் போயிட்டார், 53 வயசு.

யானைக்கால் மாத்திரைக்கும் இருமலுக்கும் என்ன சம்பந்தம்? 1950கள்ல இந்தியாவுலயும் மலாயாவுலயும் டாக்டர்கள் இதைக் கொடுத்துப் பார்த்தாங்க. மலாயாவுல டி. ஜே. தனராஜ், பின்னாடி மலாயா பல்கலைக்கழக மருத்துவப் பிரிவோட முதல் டீன் ஆனவர், இதை விரிவா எழுதினார். இருமல் நின்னுச்சு. அப்போ இது புழுவோட வேலையா? ரத்தத்துல தேடினா ஒரு புழுக்குஞ்சுகூட சிக்கல.

பதில் வந்த இடம் வேலூர். 1960ல சி.எம்.சி.யைச் சேர்ந்த வெப், ஜோப், கால்ட் மூணு பேரும் நோயாளிகளோட நுரையீரல், கல்லீரல், நெறிக்கட்டித் திசுக்களை மைக்ராஸ்கோப்ல பார்த்து, புழுக்குஞ்சு அங்கேதான் மாட்டிக்கிட்டு இருக்குன்னு காட்டினாங்க. கொசு கடிச்சு உள்ளே வர்ற யானைக்கால் புழு குட்டி போடுது. சாதாரணமா அந்தக் குட்டிங்க ராத்திரி ரத்தத்துல சுத்தும். சிலரோட உடம்பு மட்டும் அதுங்க மேல அளவுக்கு மீறிக் கோபப்படும். நுரையீரல்லயே பிடிச்சு வச்சு அடிக்கும். அந்தச் சண்டைதான் ராத்திரி இருமல், இரைப்பு, எக்ஸ்ரே புள்ளி, எகிறுன இஸினோபில் எல்லாமே. அதாவது, புழு மேல வந்த அலர்ஜி. இந்த அலர்ஜிக் கோபத்தை ஏவி விடுற ஐ.ஜி.இ. புரதத்தை 1966ல அமெரிக்காவுல இஷிசாகா தம்பதி கண்டுபிடிச்சாங்க. அதுவும் இந்த நோயாளிகளுக்குக் கூரையைத் தொடும்.

ஆக நோய் நிஜம், மருந்தும் நிஜம். மூணு வாரம் டி.ஈ.சி. போட்டா பெரும்பாலும் சரியாகும். கவனிக்காம விட்டா நுரையீரல் தழும்பாகி நிரந்தரமா சுருங்கலாம். அதனால 'ஈஸ்னோபீலியா சும்மா கட்டுக்கதை'ன்னு நான் சொல்லுறதா யாரும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துடாதீங்க.

சிக்கல் இதுக்கு அப்புறம்தான். அசல் ட்ராப்பிக்கல் ஈஸினோபீலியாவுல அந்த அணு, ஒரு மைக்ரோலிட்டருக்கு 3000க்கு மேல போகும். சாதாரண அளவு 500 வரைக்கும். நடுவுல ஒரு பெரிய மைதானம் இருக்கு. மூக்கு அலர்ஜி, ஆஸ்துமா, வயித்துப் பூச்சி, தோல் அரிப்பு, சில மாத்திரைகள், எதுவா இருந்தாலும் 600, 800, 1000ன்னு ஏறும். அத்தனை பேருக்கும் லேப் சீட்டுல அடிக்கோடு போட்டு வந்த ஒரே சொல்: ஈஸ்னோபீலியா. அத்தனை பேருக்கும் மூணு வாரம் அதே மாத்திரை. என்னோட 1999 மாத்திரையும் அதுதான். மூணு வாரத்துல எனக்குச் சரியாச்சு. ஆகாம என்ன? அதுக்குள்ள வெள்ளையடிச்ச தூசி அடங்கிருச்சு.

இங்க கொஞ்சம் சினிமா பேசிக்கிறேன்.

டூட்டி முடிஞ்சு வந்தா எனக்கு ரிலாக்ஸ் ஆகுறதுக்குத் தெரிஞ்ச ஒரே வழி பழைய படம். மூக்குல ஸ்ப்ரே, தலைக்கு ரெண்டு தலையணை, போன்ல சிவாஜி. போன வாரம் பாலும் பழமும். 1961, பீம்சிங் இயக்கம். சிவாஜி கேன்சருக்கு மருந்து தேடுற டாக்டர். சரோஜாதேவி நர்ஸ், அப்புறம் மனைவி. அவங்களுக்கு டிபி வந்துருது. புருஷன் ஆராய்ச்சி கெட்டுடக் கூடாதுன்னு வீட்டை விட்டே போயிடுறாங்க. கடைசியில சுவிட்சர்லாந்து போய்க் குணமாகி வர்றாங்க.

எத்தனையாவது தடவையோ தெரியல, இந்தத் தடவைதான் உறைச்சது. 1956ல சென்னை சேத்துப்பட்டுல காசநோய் ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சாங்க. டிபிக்காரங்கள்ல பாதிப்பேரை சானடோரியத்துல வச்சும், பாதிப்பேரை அவங்க வீட்லயே, நெருக்கமான ஏழை வீடுகள்லயே வச்சும் மருந்து கொடுத்து ஒரு வருஷம் பார்த்தாங்க. 1959ல முடிவு வந்துச்சு. வீட்டு வைத்தியம் சானடோரியத்துக்கு ஈடாவே இருந்துச்சு. கூட இருந்தவங்களுக்கும் அதனால நோய் கூடுதலாப் பரவல. உலகம் முழுக்க சானடோரியங்களை மூடினதுல இந்தச் சென்னை ஆராய்ச்சிக்கும் பெரிய பங்கு உண்டு. படம் வந்தது அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு. சேத்துப்பட்டுக்கு பஸ்ல போயிருக்க வேண்டிய சரோஜாதேவியை நாம சுவிட்சர்லாந்துக்கு அனுப்பினோம்!

பீம்சிங்கைக் குறை சொல்லல. அந்தப் படம் பார்த்து அழுத ஜனங்களுக்கு இருமல்னா என்னன்னு தெரியும். கைக்குட்டையை வாயில வச்சு இருமினா பொண்டாட்டி பிள்ளையை விட்டுப் பிரியணும். பயத்தோட அளவு அது. அந்தப் பயத்துக்கு நடுவுல 'ஈஸ்னோபீலியா'ன்னு எழுதின சீட்டு கையில கிடைச்சா அதை யார் விடுவா?

சரி, டிபி பயம் குறைஞ்சும் சொல் ஏன் போகல? அந்த இடத்துல இன்னொரு பயம் வந்து உட்கார்ந்துச்சு. ஆஸ்துமா.

அந்த அக்காகிட்ட திரும்ப வர்றேன். ரிப்போர்ட் எல்லாத்தையும் தேதிவாரியா அடுக்கினேன். இருபது வருஷத்துல எட்டு ரத்தப் பரிசோதனை. எதுவும் ஆயிரத்தைத் தாண்டல. டி.ஈ.சி. அஞ்சு தடவை முழுசா சாப்பிட்டிருக்காங்க. ஊதிப் பார்க்குற மீட்டரைக் குடுத்து ஊதச் சொன்னேன், 180. சால்பூட்டமால் கொடுத்து கால் மணி நேரம் கழிச்சு மறுபடி ஊதினாங்க, 260. மீட்டரைத் திருப்பி அவங்களே பார்த்தாங்க. "என்ன சார், முள்ளு இவ்வளவு தூரம் போகுது?"

"அக்கா, இது ஈஸ்னோபீலியா இல்ல. மூச்சுக்குழாய் சுருங்கி விரியுது. ஆஸ்துமா."

முகம் மாறிருச்சு. கதவைப் பார்த்துட்டு குரலைத் தணிச்சாங்க. "மெதுவா சொல்லுங்க சார். மகளுக்கு மாப்பிள்ளை பாக்கோம். ஆத்தாளுக்கு இருக்குன்னு தெரிஞ்சா பிள்ளைக்கும் வருமான்னு கேப்பாவ."

"மாத்திரைய விட இன்ஹேலர் நல்லது. இங்க ஃபார்மசியிலயே இருக்கு."

"அந்தப் பம்பு வேண்டாம் சார். பழகிரும். பிறகு சாகிற வரைக்கும் அதுதான் கதி."

இதுக்கு பதில் என்கிட்ட தயாரா இருக்கு, தினமும் பத்துப் பேர்கிட்ட சொல்லுறேன். சால்பூட்டமால் வந்தது 1969ல. உள்ளே உறிஞ்சுற ஸ்டீராய்டு 1972ல. மாத்திரையில மில்லிகிராம் கணக்குல போகுற மருந்து, இன்ஹேலர்ல மைக்ரோகிராம் கணக்குல, அதுவும் நேரா நுரையீரலுக்குப் போகுது. பழக்கம் ஆகாது. தினமும் எடுத்தா இரைப்பே வராம தடுக்கும். இந்தப் பேரு பயத்தால இதை எடுக்காம, இரைப்பு முத்தினப்போ மட்டும் 'சளி மாத்திரை'ன்னு ஏதோ வாங்கிப் போட்டுக்கிட்டு, ஒரு ராத்திரி உதடு நீலமாகி வர்றவங்களை நான் பார்த்திருக்கேன். எல்லாரையும் காப்பாத்த முடியல.

ஆனா அன்னைக்கு நான் அதைச் சொல்லல. என் மேஜை டிராயர்ல இருந்து என்னோட இன்ஹேலரை எடுத்து வச்சேன். "எனக்கும் சின்ன வயசுல ஈஸ்னோபீலியான்னுதான் சொன்னாங்கக்கா. படையப்பா பார்க்க விடல."

அவங்க என்னைப் பார்த்தாங்க, டிராயரைப் பார்த்தாங்க. "டாக்டருக்குமா?" அப்புறம், "அப்ப படையப்பா பாக்கவே இல்லியா?"

"டிவியில போட்டப்போ பார்த்தேன். இப்போ வருஷத்துக்கு ரெண்டு தடவை பார்க்குறேன். அதுலயும் சிவாஜி இருக்காரு."

அரை மணி நேரம் ஆச்சு. வெளியே க்யூ திட்டிக்கிட்டே இருந்துச்சு. இன்ஹேலரோட ஸ்பேசர் வச்சு எப்படி உறிஞ்சுறது, அப்புறம் வாய் கொப்பளிக்குறது எல்லாம் மூணு தடவை செஞ்சு காட்டச் சொன்னேன். பீடித் தூள் தட்டும்போது துணியால மூக்கை, வாயை இறுக்கிக் கட்டச் சொன்னேன். வேலையை விடுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அந்த வீட்டு அடுப்பு எரியுறது அதுலதான். பாயையும் தலையணையையும் வெயில்ல போடுங்க, ஆனா உதறுறதை வேற யாராவது செய்யட்டும்னேன். தூசிப்பூச்சின்னு ஒண்ணு இருக்கு, கண்ணுக்குத் தெரியாது. வீட்டுத் தூசி அலர்ஜிக்கு அதுதான் காரணம்னு 1964ல ஹாலந்துல கண்டுபிடிச்சாங்க. ஈரம்னா அதுக்குக் கொண்டாட்டம். நம்ம சாரல் மாசங்கள்ல தலையணை உறைக்குள்ள அதுக்குத்தான் சீசன். தும்மலுக்கு மாத்திரை எழுதினேன், ராத்திரி மட்டும், தூக்கம் வந்தா பயப்படாதீங்கன்னு.

கிளம்பும்போது சீட்டை நீட்டி, "ஈஸ்னோபீலியான்னே எழுதிருங்க சார்"ன்னாங்க.

ரெஜிஸ்டர்ல முழுசா எழுதிட்டேன். அவங்க சீட்டுல, பிரான்கியல் ஆஸ்துமாவுக்கு நாங்க வழக்கமா எழுதுற ரெண்டே எழுத்து: பி.ஏ.

"பி.ஏ.ன்னா?"

"அதாங்க்கா, உங்க நோய். சுருக்கமா எழுதுறது. யாராவது கேட்டா, படிச்சவங்கன்னு சொல்லிக்கோங்க."

சிரிச்சுட்டாங்க. இரைப்பு இல்லாம சிரிச்சது அப்போதான் எனக்கு உறைச்சது.

போன மாசம் ரெண்டாவது இன்ஹேலர் வாங்க வந்தாங்க. மீட்டர்ல 290. மகளுக்கு இடம் அமைஞ்சிருச்சாம், சுரண்டை பக்கம். மாப்பிள்ளை வீட்டாள்கள் சீசனுக்கு வர்றாங்களாம், எல்லாரும் ஐந்தருவிக்குப் போறாங்களாம்.

"நானும் குளிக்கலாமா சார்?"

"குளிங்கக்கா. காலையில ரெண்டு இழுப்பு இழுத்துட்டுப் போங்க. தலையை நல்லாத் துவட்டுங்க. பம்பைப் பைக்குள்ள வச்சுக்கோங்க."

"எந்தப் பைக்குள்ள? அவங்க முன்னாடியா?"

அதுக்கு என்கிட்ட இன்னும் பதில் இல்ல.